கதவு திறப்பதற்குள்

வியாழக்கிழமை இரவுகளில் ஸ்டாம்ஃபோர்டு ஹில்லின் பக்கத் தெருக்களில் ஒரு காட்சியைப் பார்க்கலாம். நீண்ட கறுப்புக் கோட்டு அணிந்த இளைஞர்கள் அட்டைப்பெட்டிகளைச் சுமந்துகொண்டு அடுக்குமாடிக் கட்டடங்களின் படிகளில் ஏறுவார்கள். ஏறும்போது இருக்கும் நிதானம் இறங்கும்போது இருக்காது. எதையோ களவாடிவிட்டு ஓடுகிறவர்களைப்போல இரண்டிரண்டு படிகளாகத் தாவி இறங்குவார்கள். வடக்கு லண்டனில், மரபு வழுவாத யூதக் குடும்பங்கள் நெருக்கமாக வாழும் அந்தப் பகுதியில், படிக்கிற காலத்தில் இரண்டு ஆண்டுகள் ஒரு மாடியறையில் வாடகைக்குக் குடியிருந்தேன். முதன்முறை அந்த ஓட்டத்தைப் பார்த்தபோது ஏதோ குறும்பு என்றுதான் நினைத்தேன்.

அது குறும்பன்று என்று கீழ்வீட்டு முதியவர் வழியாகத் தெரிந்துகொண்டேன். ஒரு வியாழன் மாலை அவர் என் கதவைத் தட்டினார். வழக்கமாகப் பெட்டி சுமக்கும் பேரனுக்குக் காய்ச்சல் என்றும், எனக்கு ஒரு மணி நேரம் ஒழியுமா என்றும் கேட்டார். அவருடைய பழைய காரின் பின்பக்கத்தில் பதினான்கு பெட்டிகள் இருந்தன. மூடாத ஒன்றை எட்டிப் பார்த்தேன்: பின்னல்போல் முறுக்கிச் சுட்ட இரண்டு ரொட்டிகள், உறைந்த கோழி, கேரட், உருளைக்கிழங்கு, திராட்சைச் சாறு ஒரு புட்டி, இரண்டு மெழுகுவத்திகள். வெள்ளிக்கிழமை சூரியன் மறைந்ததும் தொடங்கும் ஓய்வுநாளுக்கு ஒரு வீட்டில் என்னென்ன இருக்க வேண்டுமோ அவை எல்லாம் இருந்தன. பெட்டியின் மேல் பெயர் இல்லை, கொடுப்பவரின் முத்திரை இல்லை. மளிகைக் கடையிலிருந்து வந்த சாதாரண அட்டைப்பெட்டி. அவர் கையிலிருந்த சிட்டையிலும் தெருவும் கதவு எண்ணும் மட்டுமே இருந்தன. அவர் எனக்குச் சொன்ன விதி ஒன்றுதான்: “பெட்டியை வை, மணியை அடி, கதவு திறப்பதற்குள் அடுத்த தளத்துக்கு இறங்கிவிடு.” ஏன் என்று கேட்டேன். “அடுப்புக்குள் குதித்தவரின் கதை உனக்குத் தெரியாதா?” என்றார், எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டிய ஒன்றைக் கேட்பவரைப்போல.

அந்தக் கதை, யூத அறிஞர்களின் சட்ட வாதங்களும் கதைகளும் சேர்ந்த பெருந்தொகுப்பான பாபிலோனியத் தல்மூதில் இருக்கிறது. மார் உக்வா என்ற அறிஞரின் அண்டையில் ஓர் ஏழை இருந்தான். நாள்தோறும் அவனுடைய வீட்டுக் கதவுக் குடுமி சுழலும் குழியில் நான்கு சூஸ் காசுகளைப் போட்டுவிட்டுப் போவது மார் உக்வாவின் வழக்கம். யார் இந்த நன்மையைச் செய்கிறார்கள் என்று பார்த்துவிட வேண்டும் என ஒருநாள் அந்த ஏழை காத்திருந்தான். அன்றைக்குப் பார்த்து மார் உக்வா கல்விக்கூடத்திலிருந்து கிளம்பத் தாமதமாயிற்று. அவருடைய மனைவியும் உடன் வந்தாள். இருவரும் கதவருகே குனிந்ததும் உள்ளிருந்தவன் வெளியே வந்தான். இவர்கள் ஓடினார்கள், அவன் துரத்தினான். ஒளிய வேறு இடமில்லாமல், அப்போதுதான் தணல் வாரப்பட்ட ஓர் அடுப்புக்குள் இருவரும் புகுந்தார்கள். மார் உக்வாவின் பாதங்கள் வெந்தன. “உங்கள் பாதங்களை என் பாதங்களின் மேல் வைத்துக்கொள்ளுங்கள்” என்றாள் மனைவி. தன் பாதம் வேக, அவளுடைய பாதம் வேகாததைக் கண்டு அவர் மனம் சுருங்கியது. அதற்கு அவள் சொன்ன விளக்கம் இது: நான் வீட்டிலேயே இருக்கிறேன், வந்து நிற்பவர்களுக்கு நான் கொடுப்பது உடனே உண்ணக்கூடியதாக இருக்கிறது.

எதற்காக இத்தனை பாடு என்று தல்மூதே கேட்டுக்கொள்கிறது. ஒருவனைப் பலர் முன் வெட்கப்படுத்துவதைவிட எரியும் சூளையில் ஒருவன் தன்னைப் போட்டுக்கொள்வது மேல் என்பது அதன் பதில்.

இந்தக் கதையை நான் பல ஆண்டுகளாக மனத்துக்குள் புரட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கொடுப்பவன் மறைந்து கொடுக்க வேண்டும் என்பதைச் சொல்லும் கதையென்றுதான் இது பெரும்பாலும் சொல்லப்படுகிறது. ஆனால் கதைக்குள்ளேயே அதற்கு ஒரு மறுப்பு உட்கார்ந்திருக்கிறது. மறைந்து நின்று காசு போட்டவருடைய கால் வெந்தது. முகத்துக்கு முகம் பார்த்துச் சோறிட்டவளுடைய கால் வேகவில்லை. காசைப் பெற்றவன் கடைக்குப் போக வேண்டும், மாவு வாங்க வேண்டும், அடுப்பு மூட்ட வேண்டும். அவள் கையிலிருந்து பெற்றவன் அங்கேயே உண்டான். அப்படியானால் எது பெரிது, மறைவா, நேர்முகமா? கதை இரண்டையும் ஒரே அடுப்புக்குள் நிற்க வைத்துவிட்டு விலகிக்கொள்கிறது. வெட்கத்தைப் பசிக்குச் சமமான ஒரு துன்பமாக எண்ணி, அதற்கும் சேர்த்துச் சட்டம் எழுதிய மரபு இது என்று எனக்குத் தோன்றுகிறது. அந்தச் சட்டங்களில் சில ஒன்றுக்கொன்று முரண்படுவதற்கும் காரணம் அதுதான். வயிற்றை அளக்கலாம், வெட்கத்தை எந்தப் படியால் அளப்பது?

சொல்லிலிருந்தே தொடங்கலாம். எபிரேயத்தில் கொடைக்கு ‘செதாக்கா’ என்று பெயர். தமிழ் முஸ்லிம்கள் அன்றாடம் புழங்கும் ‘சதக்கா’வுக்கு இது உடன்பிறப்பு, இரண்டும் ஒரே செமித்திய வேரிலிருந்து வந்தவை. எபிரேயத்தில் அந்த வேர் நீதியைக் குறிப்பது. ‘செதெக்’ என்றால் நியாயம். ஆகவே ஓர் ஏழைக்குக் கொடுப்பது கொடுப்பவனுடைய மனம் இளகியதால் நிகழும் உபகாரம் என்று அந்தச் சொல் கருதவில்லை. அவனுக்குச் சேர வேண்டியது அவனிடம் சேர்கிறது, அவ்வளவுதான். மனம் இளகாதவனிடமிருந்து வசூலிக்கவும் சட்டத்தில் இடமுண்டு. ராவா என்ற அறிஞர் ரவ் நாத்தான் பார் அம்மி என்பவரைக் கட்டாயப்படுத்தி நானூறு சூஸ் வாங்கினார் என்று தல்மூது எந்தத் தயக்கமும் இல்லாமல் பதிவு செய்கிறது.

இந்த நியாயம் முதலில் வயலில்தான் சட்டமாயிற்று. வயலின் ஓரத்தை அறுக்காமல் விட வேண்டும், சிந்திய கதிரைப் பொறுக்கக் கூடாது, அவை எளியவனுக்கும் அந்நியனுக்கும் உரியவை என்று விவிலியத்தின் லேவியராகமம் சொல்கிறது; வயலில் மறந்துவிட்டு வந்த கதிர்க்கட்டை எடுக்கத் திரும்பிப் போகாதே என்று உபாகமம் சேர்க்கிறது. ஏறக்குறைய கி.பி. 200-இல் தொகுக்கப்பட்ட யூத வாய்மொழிச் சட்ட நூலான மிஷ்னாவில் இதற்கென்றே ‘பேயா’, அதாவது ஓரம், என்று ஒரு நூல் இருக்கிறது. அதைப் படிக்கும்போது வேளாண்மை தெரிந்தவர்கள் உட்கார்ந்து வாதிட்டது தெரிகிறது. விடும் ஓரம் அறுபதில் ஒரு பங்குக்குக் குறையக் கூடாது. கையிலிருந்து ஒன்றிரண்டு கதிர் விழுந்தால் அது ஏழைக்கு; மூன்று சேர்ந்து விழுந்தால் உடையவனுக்கு. உன் மகன் பின்னால் வந்து பொறுக்கிக்கொள்ளலாம் என்று பேசிக் கூலியைக் குறைத்து ஆள் பிடிக்கக் கூடாது. அது ஏழையின் பங்கை எடுத்துத் தன் கூலிக்கணக்கைத் தீர்க்கும் தந்திரம் என்பது அவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது, ஓரத்தை எங்கே விடுவது என்பதற்கு ரபி ஷிமோன் சொல்லும் காரணங்களில் ஒன்று. வயலின் கடைக்கோடியில்தான் விட வேண்டும் என்கிறார் அவர். ஏன்? உடையவன் நினைத்த இடத்தில் விடலாம் என்றால், இதோ விடுவான், அதோ விடுவான் என்று ஏழைகள் நாள் முழுவதும் வரப்பில் உட்கார்ந்து காத்துக்கிடக்க நேரும். அவர்களுடைய நேரம் வீணாகும். ஏழைக்கும் நேரம் என்று ஒன்று இருக்கிறது, அதைக் காக்க வைத்துச் சிதைக்கக் கூடாது என்பதை இத்தனை நூற்றாண்டுகளுக்கு முன்னால் ஒருவர் சட்டக் காரணமாக எழுதியிருப்பது என்னை இன்றும் வியக்கவைக்கிறது. ஏதாவது ஓர் உதவித்தொகைக்காக ஓர் அலுவலகத்தின் வெளித்திண்ணையில் காலையிலிருந்து மாலைவரை உட்கார்ந்தவர்களுக்கு இந்த ஒரு வரியின் அருமை புரியும்.

இன்னொன்றும் உண்டு. இந்த ஓரத்தையும் சிந்திய கதிரையும் மறந்த கட்டையும் எந்த ஏழை எடுக்கலாம் என்று தீர்மானிக்கும் உரிமை உடையவனுக்கு இல்லை. பிடித்தவனுக்குக் கொடுத்து, பிடிக்காதவனைத் துரத்த முடியாது. கொடுப்பதில் இருக்கும் இனிப்பான பகுதி, அதாவது தேர்ந்தெடுத்துக் கொடுத்து நன்றியைப் பெற்றுக்கொள்வது, சட்டத்தால் பிடுங்கப்பட்டுவிட்டது. மறந்த கட்டோ இன்னும் ஒரு படி மேலே போகிறது. நினைத்துச் செய்தால் அது மறதி ஆகாதாகையால், அந்தக் கட்டளையை யாராலும் வேண்டுமென்று நிறைவேற்ற முடியாது. வயலில் ஒரு கட்டை மறந்துவிட்ட பக்தர் ஒருவர், வாழ்நாளெல்லாம் வாய்க்காத கட்டளை இன்று தானாக வாய்த்தது என்று மகிழ்ந்து, மகனிடம் காளைகளைப் பலியிடச் சொன்னதாக ஒரு பழங்கதை இருக்கிறது. கொடுத்தோம் என்ற எண்ணமே இல்லாமல் கொடுத்த ஒரே கொடை அது.

கடனுக்கும் இதே கவனம் நீள்கிறது. அடகு வாங்கப் போகிறவன் கடன்பட்டவனுடைய வீட்டுக்குள் நுழையக் கூடாது. வெளியே நிற்க வேண்டும், அவன் எடுத்துக்கொண்டு வந்து கொடுப்பான் என்கிறது உபாகமம். வீட்டுக்குள் நுழைந்தவன் என்ன பார்ப்பான் என்று நினைத்துப் பாருங்கள்: காலிப் பானை, கிழிந்த பாய், மூலையில் ஒடுங்கி நிற்கும் மனைவி. அடகு வைத்தது மேலாடையானால் சூரியன் மறையும் முன் திருப்பிக் கொடுத்துவிடு, அதை விட்டால் அவன் எதைப் போர்த்திப் படுப்பான் என்று யாத்திராகமம் கேட்கிறது. திருப்பித் தர வழியில்லை என்று தெரிந்தால் கடன்பட்டவனின் கண்ணில் படும்படி நடமாடுவதுகூடத் தகாது என்று பின்வந்த அறிஞர்கள் சேர்த்தார்கள். கேட்க வேண்டியதில்லை, எதிரே வந்தாலே போதும், அவன் தலை குனிந்துவிடும்.

இனி, சற்றுச் சங்கடமான பகுதி. ஏழைக்கு எவ்வளவு கொடுப்பது என்பதற்கு உபாகமம் தரும் அளவு, ‘அவனுக்கு எது குறைகிறதோ அதற்குப் போதுமானது’ என்பதாகும். இதிலுள்ள ‘அவனுக்கு’ என்ற சொல்லை அறிஞர்கள் விடாமல் பிடித்துக்கொண்டார்கள். நல்ல நிலையில் வாழ்ந்து கெட்ட ஒருவருக்கு, அவர் பழகியபடியே ஏறிச்செல்லக் குதிரையும் முன்னே ஓட ஓர் ஏவலாளும் ஹில்லேல் என்ற ஆசிரியர் வாங்கிக் கொடுத்தார் என்றும், ஒருநாள் ஏவலாள் கிடைக்காமல் போகவே அவரே மூன்று மீல் தூரம் குதிரைக்கு முன்னால் ஓடினார் என்றும் தல்மூது சொல்கிறது. மூன்று மீல் என்பது ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர். ஊரே மதித்த ஆசிரியர், நொடித்துப்போன ஒருவரின் குதிரைக்கு முன்னால் மூச்சிரைக்க ஓடுகிற காட்சி அது.

அதே இடத்தில் இன்னொரு கதையும் வருகிறது. ராவாவிடம் வந்த ஏழையிடம் நீ வழக்கமாக என்ன சாப்பிடுவாய் என்று கேட்கிறார். கொழுத்த கோழியும் பழைய மதுவும் என்கிறான். ஊராருக்கு எவ்வளவு பாரம் என்று நினைத்துப் பார்க்க மாட்டாயா என்று ராவா கடிகிறார். அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே பதின்மூன்று ஆண்டுகளாகப் பார்க்காத ராவாவின் சகோதரி வந்து நிற்கிறாள், கையில் கொழுத்த கோழியும் பழைய மதுவும். ராவா வாயடைத்துப் போய், எழுந்து உண் என்கிறார். மூன்றாவது கதை கசப்பானது. இறைச்சியும் மதுவும் பழகிய ஒருவனை ரபி நெகேமியா தம்மோடு பருப்புச் சாப்பிடும்படி சொல்ல, அவன் அதைத் தின்று இறந்துபோனான். குற்றம் யாருடையது என்று அங்கே ஒரு விவாதம் நடக்கிறது. இத்தனை செல்லமாகத் தன்னை வளர்த்துக்கொண்டது இறந்தவனின் பிழை என்ற பக்கமும் அதில் பேசப்படுகிறது.

இந்தக் குதிரைக் கதையோடு எனக்கு நெடுநாள் சண்டை உண்டு. வாழ்ந்து கெட்டவருக்குக் குதிரை, பிறந்ததிலிருந்தே கெட்டவனுக்கு? அவனுக்கு எதுவும் பழக்கமில்லை, ஆகவே எதுவும் குறையவில்லை என்று ஆகிவிடாதா? மேட்டிலிருந்து விழுந்தவனுடைய அடிக்கு மட்டும் மருந்து போட்டுவிட்டுப் பள்ளத்திலேயே பிறந்தவனைப் பள்ளத்திலேயே விட்டுவிடும் அறம் அது என்ற ஐயம் இன்னும் எனக்கு முழுதாக நீங்கவில்லை. ஆனாலும் அந்த மரபுக்குள்ளேயே இதற்கு எதிர்க்கனம் ஒன்று இருக்கிறது. எகிப்திலிருந்து விடுதலையானதை நினைவுகூரும் பஸ்கா இரவில், இஸ்ரயேலின் மிக ஏழையும் சாய்ந்து அமர்ந்துதான் உண்ண வேண்டும், அறநிதியிலிருந்து எடுத்தாவது அவனுக்கு நான்கு கிண்ணம் மது குறையாமல் கொடுக்க வேண்டும் என்று மிஷ்னா விதிக்கிறது. சாய்ந்து அமர்வது அந்தக் காலத்துச் செல்வர்களின் விருந்து வழக்கம். அன்று ஓர் இரவாவது பிறவி ஏழையும் குதிரையில் ஏறுகிறான் என்று வைத்துக்கொள்ளலாம். ஓர் இரவு போதுமா என்பது வேறு கேள்வி.

ஒருவனை உயர்த்துவது கடினமாக இருந்த இடங்களில் அவர்கள் எல்லாரையும் தாழ்த்தினார்கள். அந்த வழி எனக்குக் கூடுதல் நேர்மையாகப் படுகிறது. இழவு வீட்டுக்குச் செல்வர்கள் வெள்ளியிலும் பொன்னிலும் செய்த கூடைகளில் உணவு கொண்டுபோவார்கள், ஏழைகள் தோலுரித்த அலரிப் பிரம்புக் கூடைகளில் கொண்டுபோவார்கள் என்றிருந்தது, ஏழைகள் கூசினார்கள், அதன்பின் எல்லாரும் பிரம்புக் கூடையில்தான் கொண்டுவர வேண்டும் என்று விதித்தார்கள். பிணத்துக்கு உடுத்தும் துணியின் செலவு சாவைவிடப் பெரிய சுமையாகி, உறவினர்கள் பிணத்தைப் போட்டுவிட்டு ஓடும் நிலை வந்தபோது, ரபான் கமலியேல் என்ற தலைமை அறிஞர் தம்மை எளிய நாரிழை ஆடையில் எடுத்துச்செல்லும்படி சொல்லிவைத்து வழிகாட்டினார். யூத நாட்காட்டியின் ஆப் மாதம் பதினைந்தாம் நாள் எருசலேமின் பெண்கள் வெள்ளை உடுத்தித் திராட்சைத் தோட்டங்களில் நடனமாடப் போவார்கள். அந்த வெள்ளை ஆடை ஒவ்வொன்றும் இரவல் வாங்கியதாக இருக்க வேண்டும். அரசன் மகள் தலைமைக் குருவின் மகளிடம் இரவல் வாங்குவாள், அவள் இன்னொருத்தியிடம், இப்படியே கடைசிவரை. ஆடையே இல்லாத பெண்ணும் இரவல் ஆடையில்தான் வருகிறாள், அரசன் மகளும் இரவல் ஆடையில்தான் வருகிறாள். இந்த ஏற்பாட்டை யோசித்தவர் ஒரு பெண்ணாகத்தான் இருந்திருக்க வேண்டும் என்று எனக்கு ஓர் ஊகம். ஆதாரம் எதுவும் இல்லை.

இத்தனை மென்மைக்கும் பின்னால் கறாரான நிர்வாகம் ஒன்று இயங்கியது. ஊர்தோறும் ‘குப்பா’ என்ற நிதியும், சமைத்த உணவைத் திரட்டிப் பகிரும் ‘தம்ஹுய்’ என்ற ஏற்பாடும் இருந்தன. நிதியை இருவர் சேர்ந்து வசூலிக்க வேண்டும், மூவர் சேர்ந்து பகிர வேண்டும். இரண்டு வேளைக்கு உணவிருப்பவன் தம்ஹுய்யிலிருந்து பெறக் கூடாது. பதினான்கு வேளைக்கு இருப்பவன் குப்பாவிலிருந்து பெறக் கூடாது. இருநூறு சூஸ் வைத்திருப்பவன் வயல் ஓரத்துக்கு உரியவன் இல்லை. ஆனால் அதில் ஒரு தினார், அதாவது ஒரு சூஸ், குறைந்தால், ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளலாம். முதலில் உன் வீட்டை விற்றுவிட்டு வா, பாத்திரத்தை விற்றுவிட்டு வா என்று அவனிடம் சொல்லக் கூடாது. உடை கேட்டு வருபவனை விசாரிக்கலாம். பசி என்று வருபவனை விசாரிக்கக் கூடாது. ஏமாற்றுக்காரர்களைப் பற்றி அவர்களுக்குக் கனவுகள் எதுவும் இருக்கவில்லை. ரபி அப்பா என்பவர் காசுகளைத் துண்டில் முடிந்து முதுகுக்குப் பின்னால் தொங்கவிட்டுக்கொண்டு ஏழைகளிடையே நடப்பார், எடுப்பவர் முகத்தைப் பார்க்காமலிருக்க. ஆனால் கடைக்கண் மட்டும் எத்தர்களைத் தேடிக்கொண்டிருக்கும் என்று தல்மூது சிரிப்பை அடக்கிக்கொண்டு சொல்கிறது. ரபி எலெயாசாரின் கூற்று இதைவிடக் கூரியது: எத்தர்களுக்கு நன்றி சொல்வோம், அவர்கள் இல்லாவிட்டால் கை நீட்டிய ஒவ்வொருவருக்கும் கொடுக்காததற்காக நாம் நாள்தோறும் பாவிகளாகியிருப்போம்.

இவையெல்லாம் நூலில் உள்ளவை. நடைமுறை எப்படி இருந்தது என்பதற்கு நம்மிடம் ஒரு சாளரம் இருக்கிறது. பழைய கெய்ரோவின் ஃபுஸ்தாத்தில் உள்ள பென் எஸ்ரா தொழுகைக்கூடத்தில், எழுத்துள்ள தாளை எறியக் கூடாது என்பதற்காக நூற்றாண்டுக்கணக்கில் போட்டுவைத்த காகிதக் குவியலைச் சாலமன் ஷெக்டர் என்ற அறிஞர் 1896-97-இல் கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுவந்தார். அந்த ‘கெனிசா’வில் பதினொன்றாம், பன்னிரண்டாம் நூற்றாண்டுகளின் ரொட்டிப் பட்டியல்கள் இருக்கின்றன. வாரம் இருமுறை, செவ்வாயும் வெள்ளியும், ஊர்ப்பொதுவில் ரொட்டி பகிரப்பட்டது. பெயர்களுக்கு எதிரே எத்தனை ரொட்டி என்ற எண். பெயரில்லாதவர்கள் பார்வையற்றவர், இன்னாரின் விதவை, வெளியூர்க்காரர் என்று அடையாளத்தால் குறிக்கப்பட்டிருக்கிறார்கள். கதவுக் குடுமியில் காசு போட்ட கதையைப் படித்து வளர்ந்த அதே மக்கள், பெயர் கூப்பிட்டு வரிசையில் நிறுத்தித்தான் ரொட்டி கொடுத்திருக்கிறார்கள். நூற்றுக்கணக்கானவர்களுக்கு வாரம் இருமுறை கொடுக்க வேண்டுமென்றால் பட்டியல் இல்லாமல் முடியாது. பட்டியல் வந்ததும் மறைவு போய்விடுகிறது.

அந்த வரிசைக்கு வர முடியாதவர்கள் எழுதிய விண்ணப்பங்களும் அதே குவியலில் இருக்கின்றன. அரபு மொழியை எபிரேய எழுத்தில் எழுதிய கடிதங்கள் அவை. மானத்தோடு காலந்தள்ளியவரை அவை ‘மஸ்தூர்’ என்கின்றன. மறைக்கப்பட்டவர், திரைக்குள் இருப்பவர் என்று பொருள். முதன்முறையாகக் கை நீட்ட நேர்வதை ‘முகத்தின் திரையை விலக்குவது’ என்று எழுதுகிறார்கள். பசியைப் பற்றிப் பேசுவதைவிட முகத்தைப் பற்றி அதிகம் பேசும் கடிதங்கள் பல. குதிரைக் கதையை நான் ஓரளவு மன்னித்தது இந்தச் சொற்களைச் சந்தித்த பிறகுதான்.

மைமோனிதீஸ் வாழ்ந்ததும் இதே ஃபுஸ்தாத்தில்தான். 1138-இல் கொர்தோபாவில் பிறந்து, அலைந்து, எகிப்துக்கு வந்து மருத்துவராகவும் சமூகத் தலைவராகவும் இருந்தவர். அந்த ரொட்டி வரிசையை அவர் கண்ணால் பார்த்திருப்பார். தம் பெரும் சட்டத் தொகுப்பில் அவர் கொடையை எட்டுப் படிகளாக அடுக்கியதை, யூத மரபைப் பற்றி ஒரு வரி தெரிந்தவர்களும் கேள்விப்பட்டிருப்பார்கள். கீழ்ப்படியில் முகம் வாடிக் கொடுப்பது. மேலே ஏற ஏறக் கொடுப்பவனும் பெறுபவனும் ஒருவரையொருவர் அறியாமை கூடிக்கொண்டே போகிறது. மேலிருந்து இரண்டாவது படியில் இருவருமே ஒருவரையொருவர் அறியார்கள். எருசலேம் ஆலயத்தில் இருந்த ‘இரகசிய அறை’யை அதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்கிறார்: ஒருவர் உள்ளே சென்று போடுவார், இன்னொருவர் உள்ளே சென்று எடுப்பார்.

அதற்கும் மேலே, உச்சிப் படியில் இருப்பது மறைவான கொடையே இல்லை. நொடியப்போகிறவனுக்கு அன்பளிப்போ கடனோ கொடுப்பது, அவனோடு கூட்டு வணிகம் தொடங்குவது, வேலை தேடித் தருவது. அவன் பிறரிடம் கேட்க நேராதபடி கையை வலுப்படுத்துவது. அதாவது, படிப்படியாக முகத்தை மறைத்துக்கொண்டே வந்தவர் உச்சியில் முகத்திரையை எடுத்துவிடுகிறார். கூட்டு வணிகம் முகம் பார்க்காமல் நடக்காது. மார் உக்வாவின் மனைவியின் பாதம் ஏன் வேகவில்லை என்பதற்கு இதுவே விடை என்று எனக்குப் படுகிறது. ஒருவன் மேலேயும் ஒருவன் கீழேயும் நிற்கும்போதுதான் மறைவு தேவைப்படுகிறது. கடனில் ஒரு வகைச் சமம் இருக்கிறது. அதனால்தான் தருமம் செய்பவனைவிடக் கடன் கொடுப்பவன் பெரியவன் என்று தல்மூதிலேயே ஒரு கூற்று உண்டு. நாம் கைமாற்று என்கிறோமே, வட்டியில்லாமல், அப்புறம் தருகிறேன் என்று வாங்குவது, அப்படி வட்டியில்லாமல் கொடுக்கும் நிதிக்கு அவர்களிடம் ‘கெமாக்’ என்று பெயர். பணத்துக்கு மட்டுமன்று, மணப்பெண் ஆடைக்கு, குழந்தைத் தொட்டிலுக்கு, விருந்து நாற்காலிகளுக்குக்கூடக் கெமாக் உண்டு. எருசலேமில் 1976-இல் தொடங்கிய யாத் சாரா என்ற அமைப்பு சக்கர நாற்காலியையும் ஊன்றுகோலையும் இப்படி இரவல் கொடுத்தே பெரிதாக வளர்ந்தது.

கடனையே ஒரு திரையாகப் பிடித்தவர் ரபி யோனா. எளியவனைப் பற்றிச் சிந்திக்கிறவன் பாக்கியவான் என்ற விவிலியச் சங்கீத நூலின் வரியில், கொடுக்கிறவன் என்று இல்லாமல் சிந்திக்கிறவன் என்று இருப்பதை அவர் கவனித்தார். வாழ்ந்து கெட்ட ஒருவரைக் கண்டால் அருகில் போய், உங்களுக்கு வெளியூரில் ஏதோ சொத்து வந்திருப்பதாகக் கேள்விப்பட்டேன், இதை வைத்துக்கொள்ளுங்கள், அது கைக்கு வந்ததும் திருப்பித் தாருங்கள் என்பார். அவர் வாங்கிக்கொண்ட பிறகு, இது உங்களுக்கு அன்பளிப்பு என்பார். பொய்யில் ஆரம்பிக்கிறார். வாங்கும் அந்தக் கணம் மட்டும் கடந்துவிட்டால் போதும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

அந்தப் பேரனுக்குக் காய்ச்சல் விட்ட பிறகும் நான் வியாழக்கிழமைகளில் போய்க்கொண்டிருந்தேன். பிப்ரவரி மாதம் என்று நினைவு, படியெல்லாம் உறைபனி. நான்காம் தளத்தில் ஒரு கதவு. நிலைப்படியில் மெசூசா என்னும் சிறு பேழை சாய்வாக அடித்திருந்தது. பெட்டியைக் கீழே வைக்கும்போது கோழி சரிந்து புட்டியில் இடித்துச் சத்தமிட்டது. மணியை அடிப்பதற்குள் கதவு திறந்துவிட்டது. எழுபது வயதைத் தாண்டிய ஒரு பெண்மணி, தலையில் துணி கட்டி, கையில் சமையலறைத் துவாலையோடு நின்றார். நான் குனிந்த வாக்கில் பெட்டியைப் பிடித்தபடியே இருந்தேன். ஓட முடியாது, பின்னால் ஒளிய அடுப்பும் இல்லை. அவர் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. முகவரி தவறிவிட்டது என்றாவது சொல்லியிருக்கலாம். எதுவும் தோன்றவில்லை.

“பக்கத்து வீட்டுக்காரிக்குத்தானே?” என்றார் அவர். “அவள் வீட்டில் இல்லை. இங்கேயே வையுங்கள், வந்ததும் நான் கொடுத்துவிடுகிறேன்.”

ஆமாம் என்றேன். நன்றி என்றும் சொன்னேன். அவர் பெட்டியைக் காலால் மெல்ல உள்ளே நகர்த்திக் கதவைச் சாத்திக்கொண்டார். அந்தத் தளத்தில் எதிரே இருந்த மற்றொரு கதவு பலகை அடித்து மூடப்பட்டு, மின்மீட்டர் கழற்றப்பட்டு, நெடுநாள் ஆளில்லாமல் கிடந்தது. அதை இறங்கத் திரும்பியபோதுதான் கவனித்தேன்.

காரில் காத்திருந்த முதியவரிடம் எதையும் சொல்லவில்லை. அடுத்த வியாழக்கிழமை அந்தக் கட்டடத்துக்கு வந்தபோது, மூன்றாம் தளத்திலேயே சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு, காலுறையோடு அந்தப் பனிப்படியில் ஏறினேன்.